ஒரு சொட்டு ஏழுபடிக்குளம்

எங்கள் ஊர் ஏழுபடிக்குளம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு மேஜைக்குக் குடிவந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. சொந்தக்காரன்கூட முதல் நாளே போன் பண்ணிவிட்டு வருகிற காலத்தில், மூன்று ஏக்கர் குளம், அதன் ஏழு படி, நடுவில் நாலுகால் மண்டபம், வடகரை வேப்பமரம், துவைக்கிற கல், அல்லிக்கொடி, கெண்டை, கெளுத்தி, தவளை, தட்டான் என்று ஒன்று விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு, என் பெண்டாட்டி தையல்நாயகி மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏன் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டப்போகிறோம் என்று மேல்கரையில் போர்டு நட்டு அன்றைக்கு ஒன்பதாம் நாள். ரோஷமுள்ள குளம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அடைக்கலம். கீழப்பூவங்குடியில் வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் போடுகிறவன், அதனால் ஊருக்குள் கேன் அடைக்கலம். தையல்நாயகிக்குக் கடைத்தெருவில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. அங்கே புது மெஷின் வந்ததும் பழைய மைக்ராஸ்கோப்பை எடைக்குப் போடப் போனார்கள்; இவள் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அதற்கு விளக்கு கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அதை ஜன்னல் பக்கம் திருப்பினால் வெயில் ஏறி மேலே வரும். ஞாயிறு தவறாமல் குளத்தில் இறங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாசியும் தண்ணீருமாக மொண்டுவந்து, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, மேலே வெங்காயத் தோல் கனத்தில் ஒரு கண்ணாடியை மூடி, கண்ணை வைத்தாள் என்றால் அப்புறம் உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் அவளுக்குத் தெரியாது.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். தலையில் ரெண்டு சக்கரம் சுற்றிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சுகிற ஒருத்தி, அவளுக்கு இவள் வைத்த பெயர் சக்கரக்காரி. கம்பிச் சுருளில் மணியைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு கூட்டம், தொட்டால் சுருங்கி மறுபடி நீளும், அவை மணியம்மாக்கள். வயிற்றில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டே உருளுகிற பச்சைப் பந்து ஒன்று, அந்தப் பிள்ளைகளின் வயிற்றிலும் பிள்ளைகள். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிப்போனது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"லேப்ல நான் பாக்குறதெல்லாம் யாருக்கோ கெட்ட சேதிங்க. இதுல பாக்குறது யாருக்கும் கெட்ட சேதி இல்ல. ஒரு சொட்டுல எத்தனை உசுரு!"

அந்தக் கடைசிப் பேச்சை எடுத்துக்கொண்டு போய்த்தான் நான் வியாபாரம் பண்ணினேன். ஆமாம், ஒளிக்கப் போவதில்லை. வாசலுக்கு வாசல் நின்று, என் சம்சாரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், குளத்துத் தண்ணீர் பூராவும் புழு, பிள்ளைக்குட்டிகள் இருக்கிற வீடு, யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். உயிர் என்று அவள் சொன்னதைப் புழு என்று நான் மாற்றினேன். லேபில் வேலை பார்க்கிறவள் சொன்னதாகச் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? பாட்டன் முப்பாட்டன் காலம் தொட்டு அந்தக் குளத்தில் மொண்டு குடித்த ஊர் ரெண்டே வருஷத்தில் கேனுக்கு மாறியது. குடிக்காத தண்ணீரை யார் காவல் காப்பார்கள்? ஆடி மாதம் தெருவுக்கு ஒரு நாள் முறை போட்டுத் தூர் வாருகிற வழக்கம் நின்றது. படியில் புல் முளைத்தது. யாருக்கும் பயன்படாத பள்ளம் என்று எழுதி, போர்டு நட்டார்கள். நான் என்ன பண்ணினேன் தெரியுமா, அந்தக் கேன் வியாபாரத்தில் ஒரு வீடு கட்டினேன். அஞ்சு சென்ட் மனை, ரெண்டு அறை, ஒரு கூடம், கூடம் முழுக்க நீலப்பூ போட்ட டைல்ஸ், ஒவ்வொன்றாக நானே நின்று தட்டிப்பார்த்துப் பொறுக்கியது. என் ஆயுசுக்கு நான் சாதித்தது அந்தத் தரைதான் என்று நினைத்து, வந்தவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மைக்ராஸ்கோப்பில் மட்டும் நான் கண்ணை வைத்ததே இல்லை. வேலை இருக்கிறது, கண் கூசும், அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். உண்மையான காரணம் பயம். அங்கே புழு இல்லாமல் வேறு எதாவது தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தை பிறந்து நாலைந்து நாள். வாத்து மேய்க்கிற மாரிக்கண்ணு தன் பன்னிரண்டு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனவள், குளம் இருந்த இடத்தில் குளத்தைக் காணோம் என்று திரும்பி வந்து சொன்னாள். கோழியைக் காணோம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஊரே போய்ப் பார்த்தது. தண்ணீர் இல்லை, சேறு இல்லை, படி இல்லை, மரம் இல்லை. கழுவிக் கவிழ்த்து நிமிர்த்திய தட்டு மாதிரி ஒரு பள்ளம் சுத்தமாகக் கிடந்தது. தெப்பக் கமிட்டித் தலைவர் வேலாயுத அம்பலம் பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, போனது போகட்டும், சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். எழுதுகிற அலுவலர் ஒருவர் வந்து, குளம் இருந்த இடத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாரிக்கண்ணுவின் வாத்துகள் மட்டும் பள்ளத்தில் இறங்காமல், வரிசை கட்டி, தெருவோடு நடந்து, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, என் நீலப்பூ டைல்ஸில் கால் பதித்து, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தன. நான் விரட்டினேன். எழுந்திருக்கவே இல்லை.

தையல்நாயகி கண்ணை எடுக்காமல் சொன்னாள், "அதுகளை விடுங்க. குளம் இங்கதான் இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. வாசலில் வரிசை நின்றது. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் நான் சொல்கிறேன். சின்ன லென்ஸைப் போட்டால் குளம் முழுசும், நாலு கரையும் ஏழு படியும் தெரியுமாம். அடுத்த லென்ஸைத் திருப்பினால் வேப்பமரம் கிளை கிளையாக வருமாம். மூன்றாவதில் ஒரே ஒரு வேப்பிலை, அதன்மேல் எறும்பு, அந்த எறும்பு வாயில் ஒரு அரிசி நொய். இவளுடைய பழைய ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். சக்கரக்காரி மண்டபத்துத் தூணில் காலை ஊன்றி யானை உயரத்துக்கு நின்று தன் ரெண்டு சக்கரத்தையும் சுற்றினாள், அவளுடைய வயிறு வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஐந்தாம் படி தெரிந்தது. மணியம்மாக்கள் படித்துறை நெடுக முளைத்து, தண்ணீர் அசையும்போதெல்லாம் சுருங்கி நீண்டார்கள். பச்சைப் பந்துகள் பிள்ளைகளோடு அல்லி இலைக்கு நடுவே உருண்டு போயின. இவர்களெல்லாம் எந்நாளும் நம் குளத்தில் இருந்தவர்கள்தான், நாம் குடமும் சோப்புமாக இவர்கள் நடுவேதான் புகுந்து வந்திருக்கிறோம் என்று தையல்நாயகி சொன்னபோது வரிசையில் நின்ற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, அடி ஆத்தீ, தெரியாமல் எத்தனை பேரை மிதித்திருப்பேனோ என்று அழுதாள்.

காலையில் அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினால்தான் குளத்துக்கு விடியும். தையல்நாயகி குளித்து, நெற்றிக்கு இட்டு, கண்ணாடியை மெல்ல மெல்ல, ஒரே அடியாக வெளிச்சம் பாயாமல், அது பயந்துவிடாமல், திருப்புவாள். கரையில் முதலில் சாம்பல் நிறம் வரும், அப்புறம் மண்டபத்து முடியில் மஞ்சள், அப்புறம் அல்லி ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். ஒரு ஊருக்கே சூரியனைத் தூக்கிவைக்கிறவள் என் வீட்டில் இருக்கிறாள், நான் அவளிடம் காபி கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலம் கண்ணாடியை அப்பால் திருப்பினால் மேஜையிலிருந்து தவளைச் சத்தம் வரும், காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். கோயில் சபேச குருக்கள் விடிந்ததும் வந்து ஒரு கண்ணால் குளத்தைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையால் மூன்று தரம் ஆசமனம் பண்ணிவிட்டுப் போவார். ஜன்னல் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து நாள் பூராவும் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை விரட்டுவதற்கென்றே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆனால் சொட்டு என்றால் காயும். அதுதான் சங்கதி. காற்று பட்டால் காயும், வெயில் பட்டால் காயும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு படி இறங்கிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் கண்ணாடிக்கு அடியில் தானாக இழுத்துக்கொண்டு மறுபடி நிரம்பும். எந்தத் தண்ணீரை விடுவது? அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் விடவேண்டும் என்றாள் தையல்நாயகி. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் உப்பு, ரெண்டும் ஆகாது. உலகத்தில் மிச்சமிருந்த ஏழுபடிக்குளத்துத் தண்ணீர் அவள் ஞாயிற்றுக்கிழமை மொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுதான். ராத்திரி ஸ்லைடைச் சுற்றி ஈரத்துணி போட்டுச் சில்வர் சட்டியைக் கவிழ்த்துவிடுவோம், அப்போது காயாது. பகலில் அவள் லேபுக்குப் போகவேண்டும். அப்போதுதான் அம்பலம் பழைய முறையை ஞாபகப்படுத்தினார். தூர் வார முறை போட்ட ஊருக்குச் சொட்டு விட முறை போடத் தெரியாதா? தெருவுக்கு ஒரு நாள் என்று எழுதி எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். கேன் வந்த பிறகு குளத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத சனங்கள், கைகால் கழுவிக்கொண்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஒரு சொட்டு விட்டார்கள்.

எங்கள் தெரு முறை வந்தது. நான் தனியாக இருந்தேன். பாட்டில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எனக்குத் தோன்றியது, நம்மிடம் நாற்பது கேன் அடுக்கியிருக்கிறதே, அத்தனையும் வடிகட்டின தண்ணீர், இதை எதற்குக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறோம் என்று. கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் விட்டேன், சாமி சத்தியமாக.

சாயங்காலம் அவள் வந்து கண்ணை வைத்தாள். தெற்கு மூலையில் சக்கரக்காரிகள் நிற்கிற இடத்திலேயே உப்பி உப்பி வெடித்துக் கிடந்தார்கள். மணியம்மாக்கள் கம்பியிலிருந்து அறுந்து மிதந்தார்கள். கெண்டை ஒன்று வெள்ளை வயிறு தெரிய அல்லி இலைக்கு அடியில் ஒதுங்கியிருந்தது. நான் மெதுவாக, நம்ம தண்ணீர் சுத்தமானதுதானே தையலு என்றேன்.

"சுத்தமாத்தாங்க இருக்கு. ஒண்ணுமே இல்லாத அளவுக்குச் சுத்தமா இருக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க ஊருக்குள்ள என்ன சொல்லி வித்தீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள்.

அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் சோறு போட்டாள், சட்டையைத் துவைத்துப் போட்டாள், பேசவில்லை. எனக்கு என் டைல்ஸைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

பாட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. குளத்தை எங்கேயாவது மண்ணில் விட்டுவிட வேண்டும், மண் தொட்டதும் பழையபடி விரிந்துவிடும் என்று தையல்நாயகி சொன்னாள். பழைய பள்ளத்தில் விடலாம் என்றால், அது காலியாகக் கிடக்கிறதே என்று அதற்குள் ஜல்லி கொட்டி, கம்பி நட்டு, தளம் போட்டுவிட்டார்கள். கூட்டம் கூடியது. எல்லோருக்கும் குளம் வேண்டும், யார் நிலத்திலும் வேண்டாம். அம்பலத்துக்குத் தென்னந்தோப்பு இருந்தது, அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோயில் நிலத்தைக் காட்டினார். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் புறம்போக்கைக் காட்டினான். புறம்போக்கில் வீடு கட்டியிருந்தவர்கள் அம்பலத்தின் தோப்பைக் காட்டினார்கள். காய்ந்தால்தான் என்ன, சக்கரக்காரி காய்ந்து தூசியாகக் கிடந்தாலும் ஈரம் பட்டால் எழுந்துகொள்வாள் என்று நீதானே சொன்னாய் என்று ஒருத்தர் மடக்கினார். அவள் பொழைச்சுக்குவா, கெண்டை பொழைக்காது, தவளை பொழைக்காது, அல்லி பொழைக்காது என்றாள் இவள். அடுத்த வாரம் பேசி முடிக்கலாம் என்று கலைந்தார்கள். நானும் என் அஞ்சு சென்ட்டை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இதற்கு நடுவில் மாசித் தெப்பம் வந்துவிட்டது. குளம் எங்கே இருந்தால் என்ன, சாமி மண்டபத்தை மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். நடேச பத்தர் குன்றிமணியில் பாதி எடைத் தங்கத்தை எடுத்து, ஏழு நாள் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, கடுகில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு மூன்றடுக்குத் தெப்பம் ஒன்று செய்தார். கொடி, தோரணம், உள்ளே அம்மன் எல்லாம் இருந்தது. அதைத் தூக்கி வைக்க எந்தக் குறட்டாலும் முடியாது. தையல்நாயகி தன் கண்ணிமை மயிர் ஒன்றைப் பிடுங்கி, பல் குத்துகிற குச்சி நுனியில் பசை வைத்து ஒட்டி, அந்த மயிர் நுனியால் தெப்பத்தைத் தொட்டெடுத்து, மேல் கண்ணாடியைத் தூக்கி, சொட்டின் மேல் இறக்கினாள். அன்றோடு பாட்டிலில் இருந்த கடைசிச் சொட்டும் தீர்ந்தது. மதியத்துக்குள் முடித்துவிட்டு எங்கேயாவது விட்டாக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

வெயில் வேண்டுமென்று பகல் பதினோரு மணிக்குத் தெப்பம். மேளம் வாசலில் வாசித்தது, சத்தத்தில் குளம் அலையடிக்கும் என்று தவிலுக்குத் துணி கட்டியிருந்தார்கள். யாரும் தள்ளவில்லை, சக்கரக்காரிகள் சுற்றுகிற சுழலில் தெப்பம் தானாக நகர்ந்தது. ஆளுக்கு ஒரு நொடிதான் பார்க்க முடியும். கீழ்க்கரையில் பார்த்தவள் வெளியே போய், அம்மன் கீழ்க்கரை தாண்டிவிட்டாள் என்றாள். அடுத்தவன் வந்து, மூலை திரும்பும்போது சாய்ந்து நிமிர்ந்தது என்றான். அதற்கடுத்தவர், மணியம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்தார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு ஊரே ஆளுக்கு ஒரு துண்டாகப் பார்த்து, வாசலில் நின்று ஒன்றாகச் சேர்த்து, இரண்டு சுற்று முடித்தது.

மூன்றாம் சுற்றில் மேகம் மூடியது. குளம் இருண்டுபோனது. வரிசையில் இன்னும் பாதி ஊர் நிற்கிறது. தையல்நாயகி ஜன்னலோரம் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ரெண்டு நிமிஷத்தில், குருக்கள் தாம்பாளத்தில் கட்டிக் கட்டியாகச் சூடத்தைக் கொளுத்தி அடிக்கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டார். தப்பாக நினைக்கவில்லை அவர். இருட்டில் சாமி தெரியாவிட்டால் சூடம் காட்டுவதுதானே முறை. வெளிச்சம் என்றால் வெளிச்சம், குளம் பொன்னாக மின்னியதாம், மீனின் முள்ளெல்லாம் தெரிந்ததாம். அம்பலம் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் போடு என்றார். இன்னும் கொஞ்சம் போட்டார்கள். சூடத்தின் சூடு நேராக ஸ்லைடில் ஏறிக்கொண்டிருந்தது.

"படி தெரியுது," என்றார் அம்பலம் சந்தோஷமாக. "மூணாம் படி, நாலாம் படி..."

தையல்நாயகி பாய்ந்து வந்து தாம்பாளத்தைக் கையாலேயே இழுத்துத் தள்ளினாள், விரல் வெந்தது, கவனிக்கவில்லை. கண்ணை வைத்தாள். ஆறாம் படியும் வெளியே வந்துவிட்டது. பாட்டிலை எடுத்துக் கவிழ்த்து உதறினாள், ஒன்றும் விழவில்லை. கூடம் நிறைய ஆட்கள். தோப்பு கால் மைல், கோயில் நிலம் அரை மைல். ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு காற்றில் பத்தடி நடந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மேஜைக்கு அடியில் பன்னிரண்டு வாத்துகளும் எழுந்து நின்றன.

அவள் ஸ்லைடை ரெண்டு கையாலும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஊரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் கால் நீலப்பூவின் மேல் இருந்தது. நான் சரி என்று சொல்லாமல் அவள் சொட்டை விடமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும், அவள் சுபாவம் அப்படி.

"ஊத்து," என்றேன்.

"வீடுங்க," என்றாள்.

"தெரியும். அது கட்டினதே இந்தக் குளத்துலதான். ஊத்து தையலு."

அவள் குனிந்து ஸ்லைடைச் சாய்த்தாள். சொட்டு விளிம்பு வரைக்கும் ஓடி, அங்கே நின்று, ஒரு தரம் நடுங்கி, ரெண்டு டைல்ஸ் சேருகிற இடத்தில் விழுந்தது.

வெள்ளம் மாதிரி வரவில்லை அது. விடிகிற மாதிரி வந்தது. முதலில் ஒரு நீலப்பூ நனைந்தது, அப்புறம் பக்கத்துப் பூ, அப்புறம் தரை தன்பாட்டில் கீழே கீழே இறங்க, சுவர்கள் இடியாமல் சத்தம் போடாமல் ஒதுங்கி ஒதுங்கி இடம் விட, நாங்கள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைக்க வைக்க எங்கள் காலடியில் ஒவ்வொரு படியாக முளைத்துக்கொண்டே வந்தது, ஏழு, ஆறு, ஐந்து. அடுக்களை இருந்த பக்கம் வேப்பமரம் எழுந்து தலையை உதறிப் பூவைக் கொட்டியது. குருக்கள் கைகூப்பியபடியே பின்னுக்கு நடந்தார். வாத்துகள் எங்களைத் தாண்டித் தண்ணீருக்குள் போயின. மீன்கொத்தி ஜன்னல் இருந்த இடத்துக் காற்றிலிருந்து விழுந்து முழுகி, வாயில் மீனோடு எழும்பியது. முதல் படியில் வந்து நின்று நிமிர்ந்தால் மூன்று ஏக்கரும் அலையடித்துக்கொண்டு கிடக்கிறது, நடுவில் மண்டபம், மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மூன்றடுக்குத் தெப்பம், கொடியும் தோரணமுமாக, பனை உயரத்துக்கு, பாதிக் குன்றிமணித் தங்கத்தில் செய்தது, விட்டுப்போன மூன்றாம் சுற்றை ஆளில்லாமல் தானாகச் சுற்றி முடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அத்தனை களேபரத்தில் நான் கையில் தூக்கிக்கொண்டு வந்தது மைக்ராஸ்கோப் ஒன்றைத்தான். பீரோ, ஃப்ரிட்ஜ், நாற்பது கேன், எதுவும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் அளக்க வந்தவர் அஞ்சு சென்ட் மனையில் மூன்று ஏக்கர் எப்படிக் கொள்ளும் என்று சங்கிலியோடு சண்டை போட்டார். ஒரு சொட்டில் கொண்டபோது யாராவது கேட்டீர்களா என்று மாரிக்கண்ணு அவரை மடக்கிவிட்டாள்.

மாரிக்கண்ணு வீட்டு முன்பக்க அறையில்தான் இப்போது எங்களுக்கு வாசம். கேன் இன்னும் போடுகிறேன், பாதி வீடுகளுக்கு. மீதிப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வெள்ளைத்துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆடி முறை வரப்போகிறது, கதவில் ஒட்டுவதற்கு நானே எழுதி வைத்திருக்கிறேன், முதல் நாள் எங்கள் தெரு.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு படியிறங்கி மொண்டுவந்தாள். விரலில் தீக்காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. ஒரு சொட்டு விட்டாள், மூடினாள், கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள், தான் பார்த்தாள், பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள். இன்னிக்கு நீங்க பாருங்க என்றாள். எனக்குத் தட்டிக் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை. உட்கார்ந்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் கருப்புக் கருப்பாகத் தெரிந்தது. அவள் என் கையைப் பிடித்து ஒரு திருகைத் திருகவைத்தாள். மங்கல் விலகியது. நீலமாக எதோ தெரிந்தது, பாசி என்று நினைத்தேன்.

பாசி இல்லை. பூ. வரிசை வரிசையாக நீலப்பூ. அதற்கு மேலே கூடத்துச் சுவர், சுவரில் தினசரிக் காலண்டர், தெப்பத்தன்றைக்குக் கிழித்த தேதி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுக்களையில் உலை பொங்கி வழிந்தது, அணைக்க ஆளில்லை. பச்சைப் பந்து ஒன்று பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கூடத்தைக் கடந்து உள்ளறைக்குள் உருண்டு போனது. வாசல்படியில் சக்கரக்காரி காலை ஊன்றி நின்று, தலையின் ரெண்டு சக்கரத்தையும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், அவள் வயிறு வழியாகப் பார்த்தால் நான் கழற்றிப் போட்ட என் செருப்பு தெரிந்தது. இவளையா நான் புழு என்று சொன்னேன்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"நம்ம வீடு," என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. ரொம்ப நேரமாச்சு, ஓரம் காயுது, நகருங்க, ஒரு சொட்டு விடணும் என்று பாட்டிலை எடுத்தாள்.

"குடு, நான் விடுறேன்," என்று வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை ஓரத்தில் விட்டேன்.